பழைய சிறு விமானத்தில் பேட்டரி சார்ஜ் ஏறாவிட்டால்...

காரில் பேட்டரி இறங்கிவிட்டால் நாலு பேர் சேர்ந்து தள்ளிக் கிளப்பிவிடலாம். வானத்தில் பறந்துகொண்டிருக்கும்போது இறங்கினால்? பிள்ளையை விமானப் பயிற்சிக்கு அனுப்பும் பெற்றோருக்கு இந்தக் கேள்வி எழுவது இயற்கை.

நம் நாட்டுப் பயிற்சிக் கழகங்கள் பலவற்றில் உழைத்த செஸ்னா 152-ஐ எடுத்துக்கொள்வோம். 1977 முதல் 1985 வரை தயாரான விமானம் இது. முதலில் ஓர் ஆறுதல்: பேட்டரி இறங்கினாலும் எஞ்சின் நிற்காது. தீப்பொறியை இரண்டு மாக்னெட்டோக்கள் தாமே உண்டாக்குகின்றன. இறக்கையிலுள்ள பெட்ரோலும் பம்பு இல்லாமலே கீழிறங்கி வருகிறது. ஆனால் ரேடியோ, விளக்குகள், பெட்ரோல் அளவுமானி, மோட்டாரால் இயங்கும் ஃபிளாப் ஆகியவை ஒவ்வொன்றாகக் கைவிடும். இரவு நேரமானால் இது விளையாட்டல்ல.

கோளாறு என்றதும் புது பேட்டரி வாங்கிப் போடுவது பலரின் வழக்கம். பேட்டரி பெரும்பாலும் குற்றவாளி அல்ல. அது பட்டினி கிடக்கிறது. ஏன் என்று வரிசையாகப் பார்க்க வேண்டும்.

1. வோல்ட் மீட்டர்: நன்கு சார்ஜான 12 வோல்ட் பேட்டரி, எஞ்சின் ஓடாதபோது சுமார் 12.6 காட்டும். எஞ்சின் வேகமாக ஓடும்போது 14-ஐ ஒட்டி ஏற வேண்டும். 24 வோல்ட் பேட்டரி உள்ள 152-இல் இது 28-ஐ ஒட்டி இருக்கும். ஏறவே இல்லையென்றால் சார்ஜ் ஆகவில்லை. அளவுக்கு மீறி ஏறினால் ரெகுலேட்டரைச் சந்தேகிக்க வேண்டும்.

2. டைனமோவா, ஆல்டர்னேட்டரா? 1960-களில் வந்த செஸ்னா 150 விமானங்களில் டைனமோதான். எஞ்சின் மெதுவாக ஓடும்போது அது சார்ஜ் செய்யாது, அது கோளாறல்ல. வேகம் கூட்டியும் முள் நகராவிட்டால்தான் கவலை.

3. இணைப்புகள்: எர்த் கம்பி, ஸ்விட்ச், சர்க்யூட் பிரேக்கர் ஆகியவற்றில் பல ஆண்டுத் துரு சேர்ந்திருக்கும். வழியில் மின்னழுத்தம் குறைவதால் ரெகுலேட்டர் ஏமாறும். அம்மீட்டர் முள் ஊசலாடும். மின்சாரம் ஓடும்போது எஞ்சின் உடலுக்கும் பேட்டரியின் நெகட்டிவ் முனைக்கும் இடையே அரை வோல்ட் காட்டினால் எர்த் சரியில்லை. சுத்தம் செய்து முடுக்கினாலே பல நேரம் தீர்ந்துவிடும்.

4. கடைசியாகத்தான் கருவி: 152-இல் பெல்ட் தளர்ந்திருக்கிறதா, பிரஷ் தேய்ந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

இன்னொன்று. முழுவதும் இறங்கிய பேட்டரியோடு புரொப்பெல்லரைக் கையால் சுற்றிக் கிளப்பினால் எஞ்சின் ஓடும். ஆனால் ஆல்டர்னேட்டர் வேலையைத் தொடங்கவே பேட்டரியிலிருந்து சிறிது மின்சாரம் வேண்டும். அப்படிக் கிளம்பிப் பறப்பது அறிவுடைமை அல்ல. கையால் சுற்றுவதும் உயிருக்கு ஆபத்தான வேலை.

பறக்கும்போது சார்ஜ் நின்றால், விமானக் கையேடு சொல்லும் முறைப்படி ஆல்டர்னேட்டர் ஸ்விட்சை ஒருமுறை அணைத்துப் போட்டுப் பார்க்கலாம். பலனில்லையென்றால் அவசியமற்றவற்றை அணைத்துவிட்டு, ரேடியோவில் உயிர் இருக்கும்போதே தகவல் சொல்லி, அருகிலுள்ள நிலையத்தில் இறங்குவதே முறை. பழுது பார்ப்பதும் கையெழுத்திடுவதும் உரிமம் பெற்ற பொறியாளரின் வேலை. ஆனால் அம்மீட்டரை அடிக்கடி பார்க்கும் பழக்கம் மாணவருடையது. அதை முதல் நாளிலிருந்தே பழகிக்கொள்ளச் சொல்லுங்கள்.