அட்டையில் யாரைத் தேடுகிறது கண்?

கடையில் தொங்கும் வாரச் சஞ்சிகை, முன்பின் தெரியாத ஒருவரை நிறுத்திக் காசை எடுக்க வைக்க வேண்டும். பாடசாலை மலருக்கு அந்தப் பாடு இல்லை. அது யார் கைக்குப் போகப்போகிறது என்பது அச்சுக்கு முன்பே தெரியும்: மாணவர், பெற்றோர், ஆசிரியர், பழைய மாணவர். யாழ்ப்பாணத்துக் கல்லூரி மலர்களின் அட்டையில் இலச்சினையும் முகப்புக் கட்டடமும் திரும்பத் திரும்ப வருவதைப் பார்த்து, புதிதாக ஒன்றும் தோன்றவில்லையோ என்று சொல்லிவிடுகிறோம். அது அவசரத் தீர்ப்பு. தெரிந்தவரோடு பேசும் அட்டை வேறு விதமாக வேலை செய்கிறது.

ஒரு படத்தை ஒரே பார்வையில் முழுதாகக் காண்பதாகத்தான் நமக்குப் படுகிறது. உண்மையில் விழித்திரையின் நடுவே கூர்மையாகப் பார்க்கும் குழி மிகச் சிறியது. கையில் பிடித்திருக்கும் ஏ4 அட்டையில் அதற்குத் தெளிவாகத் தெரியும் இடம் ஏறக்குறைய 1 சென்ரிமீற்றர் அகலந்தான், மிச்சமெல்லாம் மங்கல். அதனால் கண் செக்கனுக்கு மூன்று நான்கு தடவை தாவுகிறது. எங்கே தாவுவது என்பதைப் படம் மட்டும் தீர்மானிப்பதில்லை. சோவியத் ஆய்வாளர் அல்பிரட் யார்பஸ், இலியா ரேப்பின் வரைந்த ஓர் ஓவியத்தை ஒரே ஆளிடம் காட்டி, வெவ்வேறு கேள்விகளைக் கேட்டார். வயதைக் கேட்டபோது கண் முகம் முகமாகப் போனது. குடும்பத்தின் வசதியைக் கேட்டபோது உடைக்கும் தளபாடத்துக்கும் போனது. 1967இல் ஆங்கிலத்தில் வந்த அவருடைய நூலில் அந்தக் கண் தடங்களை இன்றும் பார்க்கலாம்.

மலரை வாங்கும் தாயிடம் ஒரே கேள்விதான்: என் பிள்ளை எங்கே?

காலைக் கூட்டத்தில் நூற்றுக்கணக்கான மாணவர் நிற்கும் படம் அட்டையில் வந்தால், ஒரு முகம் அரிசியின் அகலந்தான் இருக்கும். எல்லோரும் வெள்ளைச் சீருடை; உடையை வைத்துக் கண்டுபிடிக்க வழியில்லை. பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தால் நீலம், செந்நீலம், மஞ்சள், கறுப்புப் புள்ளிகள் தெரியும். கண் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு கறைகள், வாய்க்கு ஒரு கீற்று. ஆனாலும் தாய் கண்டுபிடித்துவிடுகிறாள். இது தாய்ப்பாசத்தின் மாயம் மட்டுமல்ல. மசாசூசெற்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் பவன் சின்ஹா குழுவினர், நன்கு தெரிந்த முகங்களை அகலத்தில் 7, உயரத்தில் 10 படப்புள்ளிகளாகச் சுருக்கிக் காட்டினார்கள். பார்த்தவர்கள் பாதிக்கு மேற்பட்டவற்றை அடையாளம் சொன்னார்கள். நல்ல சஞ்சிகை அச்சில் அங்குலத்துக்கு 150 வரிசைப் புள்ளிகள் விழும். அந்தக் கணக்கில் 7 புள்ளிகளுக்கு 1.2 மில்லிமீற்றர் போதும்!

அந்நியருக்கு இந்தத் திறமை வாய்க்காது. 1999இல் கிளாஸ்கோவில் உளவியலாளர் மைக் பேர்ட்டனும் கூட்டாளிகளும் மங்கலான கண்காணிப்புக் காணொளியில் விரிவுரையாளர்களைக் காட்டினார்கள். அவர்களிடம் படித்த மாணவர்கள் சுலபமாக இனங்கண்டார்கள். அவர்களை முன்பு அறியாதவர்கள் தடுமாறினார்கள். அனுபவமுள்ள பொலிஸாரும் அப்படியே. ஆகவே ஒருவருடைய பெரிய முகத்தை அட்டை முழுக்கப் போடுவது கடைச் சஞ்சிகையின் வழி. கல்லூரி மலருக்குக் கூட்டப் படமே மேல் என்பது என் துணிபு. ஒவ்வொரு வீட்டாருக்கும் அதில் தேட ஒரு முகம் இருக்கிறது.

ஆனால் படம் எடுக்கும் நேரத்தில் கவனம் வேண்டும். யாழ்ப்பாணத்து மத்தியான வெயிலில் அத்தனை வெள்ளைச் சீருடையையும் கண்ட கமெரா, வெளிச்சம் கூடிவிட்டதென்று தானாகவே படத்தை இருட்டாக்கும். உச்சி வெயில் கண்குழியில் நிழல் போடும். தாய்க்குத் தேவையான அந்த ஏழெட்டுப் புள்ளிகளும் கருகிப்போகும்.

இனி இலச்சினையும் நிறமும். பழகப் பழகப் பிடிப்பு வரும் என்பதை உளவியலாளர் ரொபேட் சயன்ஸ் 1968இல் பரிசோதித்துக் காட்டினார். அவர் காட்டிய முகங்கள் ஒரு பல்கலைக்கழக ஆண்டு மலரிலிருந்து எடுக்கப்பட்டவை. அடிக்கடி காட்டிய முகத்தையே ஆட்கள் கூடுதலாக விரும்பினார்கள். யாழ். இந்துக் கல்லூரியின் நீலமும் வெள்ளையும், பரி. யோவான் கல்லூரியின் சிவப்பும் கறுப்பும் மாணவர் கண்ணில் எத்தனை வருடம் படுகின்றன! சென். பற்றிக்ஸ் கல்லூரியும் யாழ்ப்பாணக் கல்லூரியும் மோதும் கிரிக்கெட் ஆட்டத்துக்கே 'பொன் அணிகளின் போர்' என்றுதான் பெயர். மைதானத்தின் மறுகோடியில் முகம் தெரியாத தூரத்திலும் நிறம் தெரியும்.

ரொறன்ரோவிலோ லண்டனிலோ இருக்கும் பழைய மாணவருக்கு அதே தூரந்தான் வாய்த்திருக்கிறது. 2005இல் தொடங்கிய 'நூலகம்' என்னும் எண்ணிம நூலகத்தில் பாடசாலை மலர்களும் கிடைக்கின்றன. பட்டியலிலே அட்டை நகத்தளவுப் படமாகச் சுருங்குகிறது. மகுட வாசகம் வாசிக்க வராது, முகங்கள் கரைந்துவிடும். கட்டடத்தின் கூரைக்கோடும் இரண்டு நிறங்களும் நிற்கும். தான் ஓடித் திரிந்த முற்றத்தை அறிய அவருக்கு அதுவே போதும்.

எனவே மலர்க் குழுவிடம் இரண்டு கேட்பேன். அட்டையை அச்சகத்துக்கு அனுப்புமுன் கைபேசியில் நகத்தளவாக்கிப் பாருங்கள். தலைப்பெழுத்தை வானத்தில் போடுங்கள். பின்வரிசையில் நிற்கும் பிள்ளைகளின் முகத்தில் போட வேண்டாம்.