ஏணியில் ஏறும் பிள்ளைகள்

கரும்பலகை என்றால் டீச்சர் நின்று எழுதுவதற்கு, பிள்ளைகள் அண்ணாந்து பார்ப்பதற்கு என்றுதானே நமக்குப் பழக்கம்? 2009 ஜூலையில் நான் ஒரு வாரம் உட்கார்ந்து பார்த்த கிராமத்துத் தொடக்கப் பள்ளியில், சுவரைச் சுற்றிலும் தரையை ஒட்டிக் கறுப்பு வண்ணம் அடித்திருந்தார்கள். ஆளுக்கு ஒரு கட்டம். தலைக்கு மேலே கம்பி கட்டி, பிள்ளைகள் வரைந்த படங்களைக் கொடியில் துணி காயப்போட்ட மாதிரித் தொங்கவிட்டிருந்தார்கள். அதற்குக் ‘கம்பிப் பந்தல்’ என்று பெயராம். டீச்சர் பாயில் பிள்ளைகளோடு பிள்ளையாக உட்கார்ந்திருந்தார். யார் எங்கே இருக்கிறார்கள் என்று கண்டுபிடிக்கவே எனக்குச் சற்று நேரமாயிற்று!

செயல்வழிக் கற்றல் என்று அப்போது ஊரெல்லாம் பேசிக்கொண்டது இதைத்தான். 2003இல் சென்னை மாநகராட்சியின் 13 பள்ளிகளில் தொடங்கி, 2007இல் தமிழ்நாடு முழுவதும் அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கு வந்தது. மாநகராட்சி ஆணையராக இருந்த எம்.பி. விஜயகுமார் முன்நின்று கொண்டுவந்தார். ஆந்திரத்தில் மதனப்பள்ளிக்குப் பக்கத்திலுள்ள ரிஷி வேலியில், ஒரே ஆசிரியர் பல வகுப்புகளைச் சமாளிக்க வேண்டிய கிராமத்துப் பள்ளிகளுக்காக உருவான அட்டை முறைதான் இதற்கு மூலம். அதற்கும் வெகு முன்னால், 1939இல், மாண்டிசோரி அம்மையாரே சென்னை அடையாறுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி தந்திருக்கிறார். குழந்தை தானே செய்து, தானே கற்க வேண்டும் என்பது நம் ஊருக்குப் புதிய பேச்சு இல்லை. கூலிக்காரர் வீட்டுப் பிள்ளை படிக்கும் பள்ளிவரை வந்து சேரத்தான் இத்தனை வருஷம்.

நான் அங்கே போனதற்குக் காரணம் என் தம்பி மனைவி. மகள் இரண்டாம் வகுப்பு. “என்னடி படிச்சேன்னு கேட்டா ‘அட்டை எடுத்தேன்’கிறா அண்ணி. வீட்டுப்பாடம் கிடையாது, ராங்க் கிடையாது. டவுன்ல இங்கிலீஷ் மீடியத்துல சேர்த்துடலாம்னு இருக்கேன். சங்கிலியை வெச்சாவது கட்டிடுவோம். நீங்க ஒரு எட்டுப் பார்த்துட்டு வந்து சொல்லுங்க” என்றாள். தலைமையாசிரியையிடம் கேட்டேன். “ஒரு நாள் பார்த்தா சந்தைக்கடை மாதிரி இருக்கும்மா. ஒரு வாரம் இருங்க” என்றார்.

சரியாகத்தான் சொன்னார். திங்கட்கிழமை சத்தம்தான் காதில் விழுந்தது. ஒன்று முதல் நான்கு வகுப்புவரை எல்லாரும் ஒரே அறையில் கலந்து இருந்தார்கள். உள்ளே வரும்போதே ஒவ்வொரு பிள்ளையும் தன் வருகையைத் தானே குறித்துக்கொண்டது. பிறகு சுவரில் மாட்டியிருந்த ஏணிப் படத்தின் முன்னால் போய் நின்றது. நேற்று எதில் விட்டோம், இன்று எந்தச் சின்னம் போட்ட அட்டை என்று பார்த்து, தட்டிலிருந்து எடுத்துக்கொண்டு தன் குழுவுக்குப் போய்விட்டது. டீச்சர் சொல்லித்தர வேண்டியவர்கள் ஒரு வட்டம், கூடப் படிப்பவர்கள் உதவியோடு செய்பவர்கள் ஒரு வட்டம், தனியாகவே செய்கிறவர்கள், சோதித்துப் பார்த்துக்கொள்கிறவர்கள் என்று ஆறு வட்டம். “எதை எடுக்கட்டும் டீச்சர்?” என்று ஒருத்தரும் கேட்கவில்லை. வீட்டில் சாக்ஸ் எங்கே என்று தினமும் கேட்கிற பிள்ளைகளை நினைத்துக்கொண்டேன்.

செவ்வாயன்று ஒரு பையன் வந்தான். பெற்றோர் செங்கல் சூளையில் வேலை. தை மாதம் போனவர்கள், மழைக்குச் சூளை நின்றதும் திரும்பியிருந்தார்கள். நம் காலத்துப் பள்ளியாக இருந்தால் அந்தப் பையன் கடைசி பெஞ்சுக்குப் போயிருப்பான், பிறகு மாடு மேய்க்கப் போயிருப்பான். இங்கே டீச்சர் பழைய நோட்டைப் புரட்டினார். “கழித்தல்ல நின்னுருக்கே. அங்கேருந்து வா” என்றார், அவ்வளவுதான். அவனுக்கு உதவி செய்ய அமர்ந்தவள் யார் தெரியுமா? என் தம்பி மகள்!

32இலிருந்து 17ஐக் கழிக்க வேண்டும். பத்துப் பத்தாக ரப்பர் வளையம் போட்ட குச்சிக் கட்டுகள் மூன்று, உதிரிக் குச்சி இரண்டு. “ரெண்டுல ஏழு போகாது, பக்கத்துல கடன் வாங்கு” என்றாள் இவள், பெரிய மனுஷி மாதிரி. “ஒண்ணுதானே கடன் வாங்கினே, எப்படிப் பன்னெண்டு ஆச்சு?” என்றான் அவன். இவளுக்குப் பதில் தெரியவில்லை. விழித்தாள். எழுந்து டீச்சரிடம் ஓடினாள். டீச்சர் பதில் சொல்லாமல் ஒரு கட்டை எடுத்து வளையத்தை உருவிக் காட்டினார். ‘ஓ!’ என்று இவள் வாய் திறந்ததைப் பார்க்க வேண்டுமே! கடன் வாங்கினது ஒன்று இல்லை, ஒரு பத்து. திரும்பி வந்து அவனிடம் வளையத்தை உருவச் சொன்னாள். அவன் பதினைந்து என்று எண்ணி முடிப்பதற்குள் மத்தியானச் சாப்பாட்டு மணி அடித்துவிட்டது. அவன் நகரவில்லை.

அன்று இரவு இதைச் சொன்னதும் தம்பி மனைவிக்குக் கோபம்தான் வந்தது. “அந்தப் பையனுக்குச் சொல்லிக்குடுக்கவா எம் பொண்ணு பள்ளிக்கூடம் போறா?” நியாயமான கேள்விதான். நான் அவளோடு வாதாடவில்லை. மகளைக் கூப்பிட்டு ஒரு கணக்குப் போடச் சொன்னேன், ஏன் அப்படி என்றும் கேட்டேன். தீக்குச்சிகளைக் கட்டுக் கட்டாக வைத்து அம்மாவுக்கே பாடம் நடத்திவிட்டாள் குட்டி. அடுத்தவருக்கு விளக்கும்போதுதான் நமக்கே எது புரியவில்லை என்று தெரிகிறது. சமையல் சொல்லிக்கொடுக்கும்போது நமக்கும் அப்படித்தானே?

புதன்கிழமை ஒரு சண்டை. வண்ணப் பென்சில் டப்பாவை இரண்டு பையன்கள் இழுத்ததில் எல்லாம் சிதறி, நாலைந்து முனை உடைந்தது. டீச்சர் பிரம்பைத் தேடவில்லை. எல்லாரையும் வட்டமாக உட்காரவைத்து, “இப்ப என்ன செய்யலாம்?” என்றார். ‘டப்பாவைப் பூட்டி வைக்கணும்’, ‘அவங்க ரெண்டு பேருக்கும் தரக்கூடாது’ என்று ஆளுக்கொன்று சொன்னார்கள். கடைசியில் முடிவு சொன்னது நான்காம் வகுப்புப் பெண்: உடைத்தவர்களே சீவித் தர வேண்டும், இனி ஒருவர் கையில் இரண்டு பென்சிலுக்கு மேல் கிடையாது. வெள்ளிக்கிழமைவரை அந்தச் சட்டம் மீறப்படவில்லை. பிள்ளைகள் தாங்களே போட்ட சட்டத்துக்கு எத்தனை கண்காணிப்பு!

குறை இல்லாமலா? இருந்தது. சில அட்டைகள் தொலைந்து, நகல் எடுத்த காகிதம் ஓடிக்கொண்டிருந்தது. வாய் திறக்காத ஒரு சிறுமி மூன்று நாளாக ஒரே அட்டையோடு உட்கார்ந்திருந்தாள். வியாழக்கிழமைதான் டீச்சர் கண்ணில் பட்டாள். நாற்பது பிள்ளைகளுக்கு ஒருவர் என்றால் அமைதியான பிள்ளைதான் முதலில் தவறிப்போகும். இந்த முறைக்குக் கெட்டிக்கார டீச்சர் வேண்டும், அட்டை மட்டும் போதாது. பிற்பாடு பாடமுறையும் மாறிவிட்டது. 2022இல் முதல் மூன்று வகுப்புகளுக்கு ‘எண்ணும் எழுத்தும்’ வந்தபோது அரும்பு, மொட்டு, மலர் என்று பிள்ளைகளின் நிலைகளுக்குப் பெயர் வைத்தார்கள்.

இளம் தாய்மார்கள் வீட்டிலேயே செய்யக்கூடியதும் இதில் உண்டு. பிள்ளையின் பை, துணி, தட்டு எல்லாம் அதன் கைக்கு எட்டும் உயரத்தில் இருக்கட்டும். ‘இன்னிக்கு என்ன படிச்சே?’ என்று கேட்டால் பதில் வராது. ‘இன்னிக்கு யாருக்கு உதவி செஞ்சே, உனக்கு யார் செஞ்சாங்க?’ என்று கேட்டுப் பாருங்கள், நிற்காமல் வரும்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் தம்பி மனைவி தானே பள்ளிக்கு வந்தாள். மகள் கையைப் பிடித்து ஏணிப் படத்தின் முன் நிறுத்தி, “நான் இங்க இருக்கேம்மா. இதெல்லாம் ஏறணும்” என்று காட்டினாள். இவள் பேசாமல் மேலேவரை பார்த்தாள். டீச்சரிடம் ஒன்றுதான் கேட்டாள்: “இங்கிலீஷுக்கும் அட்டை இருக்கா?” இருந்தது. எடுத்து வாசிக்கச் சொல்லிக் கேட்டாள்.

அந்த வருஷம் சங்கிலி அடகுக்குப் போகவில்லை. ஐந்தாம் வகுப்புவரை பெண் அங்கேயே படித்தாள். சூளைக்காரர் வீட்டுப் பையன் அடுத்த தை மாதம் மறுபடி போய்விட்டான். எந்த அட்டையில் விட்டான் என்று டீச்சர் நோட்டில் குறித்து வைத்திருந்தார்.