சிற்றுருப் பொருள்களும் மிகையுற்பத்தியும்

பொருள்களைத் தேடித் தொகுத்து வைத்தல் மனிதனுக்கு இயல்பாயமைந்த விருப்பங்களுள் ஒன்று. நவராத்திரிக் கொலுப்படியில் ஆண்டுதோறும் ஒரு பொம்மையைப் புதிதாகச் சேர்க்கும் இல்லத்தரசியும், முத்திரைகளை ஏட்டில் ஒட்டிவைக்கும் மாணவனும், மேசைமேல் நிறுத்தி ஆடும் போர்விளையாட்டுக்கெனச் சிறு வீரருருவங்களை வாங்கும் மேனாட்டு இளைஞனும் இவ்விருப்பத்தால் ஒரே இனத்தவராவர். இவர்கள் நாடும் பொருள்கள் பசி தீர்ப்பனவல்ல, குளிர் போக்குவனவுமல்ல. அவற்றின் மதிப்புப் பெரும்பாலும் அருமையினாலேயே அமைகின்றது. கிடைத்தற்கு அரிதாயிருத்தலையும் சிறப்புடையதாயிருத்தலையும் 'அருமை' என்னும் ஒரு சொல்லாலேயே தமிழ் குறிப்பது ஈண்டு கருதத்தக்கது. அருமையை ஆக்குவோனே அப்பொருளை அளவிறந்து செய்து குவிப்பானாயின் நேர்வது யாது? அதனால் விளையும் இழப்பை முதலில் தாங்குவோர் யாவர்? இவ்வினாக்களுக்குக் கண்டி நகரும் அதனைச் சூழ்ந்த கைவினைக் கிராமங்களும் தக்கதொரு விடையைத் தருகின்றன.

கண்டியரசு நிலவிய காலத்தில் கைவினைஞர் சந்தைக்கெனப் பொருள் செய்தாரல்லர். அரசனுக்கும் ஆலயங்களுக்கும் ஆற்றும் பணிக்கு ஈடாக அவர்களுக்கு நிலம் அளிக்கப்பட்டிருந்தது. இராசகாரியம் எனப்பட்ட அம்முறையில், தேர்ந்த வினைஞர் 'பட்டல்ஹத்தர' என வழங்கிய நான்கு அரச பட்டறைகளில் பணிபுரிந்தனர். இன்ன விழாவுக்கு இத்தனை விளக்கு, இன்ன ஆலயத்துக்கு இன்ன கலம் என்று கட்டளை முன்னும் பொருள் பின்னுமாகத் தொழில் நடைபெற்றது. ஆதலால், விற்பனையாகாது தேங்குதல் என்பதற்கே அங்கு இடமில்லை. தென்னிந்தியச் சிற்பியாகிய கணேசுவராசாரியின் தலைமையில் 1344இல் எழுந்த கடலாதெனிய விகாரையும், மரத்தூண்களின் செதுக்கு வேலைக்குப் பேர்பெற்ற எம்பெக்கே தேவாலயமும் அமைந்துள்ள நிலப்பகுதியே இன்றும் பித்தளை வார்ப்புக்கும் மரச்செதுக்குக்கும் நிலைக்களமாய் விளங்குகின்றது. பெரும்பணி நடந்த இடத்திலேயே சிறுபணியும் வேரூன்றியது எனலாம்.

1815இல் கண்டியரசு பிரித்தானியர் வசமாயிற்று. அரசன் என்னும் முதற்புரவலனை இழந்த வினைஞர், 1832ஆம் ஆண்டையொட்டி இராசகாரியம் ஒழிக்கப்பட்டதும் பழைய ஆதரவிற் பெரும்பகுதியையும் இழந்தனர். ஆலய நிலங்களுக்குரிய பணி மட்டும் தொடர்ந்தது; 1870ஆம் ஆண்டுச் சட்டம் அதனையும் பணமாகச் செலுத்த வழிசெய்தது. இதற்கிடையே 1867இல் புகையிரதப்பாதை கண்டியை எட்டியது. கடல் கடந்து வந்தோர் தலதா மாளிகையையும் பெரஹராவையும் கண்டு, நினைவுக்கு ஏதேனுமொன்று கொண்டுசெல்ல விழைந்தனர். அழிந்துவரும் கைவினைகளைப் பேணும் நோக்குடன் 1882இல் கண்டியக் கலைச்சங்கம் தோன்றிற்று. அரசன் இருந்த இடத்தை இவ்வாறு பயணி பெற்றான். ஆனால் அரசன் கட்டளையிட்டுக் காத்திருந்தான். பயணியோ கடைக்குள் நுழைந்த நாழிகையிலேயே பொருளை எதிர்பார்த்தான். ஆகவே பொருளை முன்னரே செய்து அடுக்கிவைத்தல் இன்றியமையாததாயிற்று. அதுவும் பயணப்பெட்டிக்குள் அடங்குமளவு சிறியதாயிருத்தல் வேண்டும். ஆளுயர விளக்கு விரலளவாயிற்று. பெரஹரா யானை உள்ளங்கையுள் அடங்கியது. மேளமும் முகமூடியும் மேசையணிகளாயின. சிற்றுருப் பொருள்கள் பெருகிய வரலாறு இதுவாகும்.

செய்முறையில் ஏற்பட்ட மாற்றமும் இதனோடு சேர்த்து நோக்கற்பாலது. மெழுகு வார்ப்பு முறையில் முதலில் உருவத்தை மெழுகினாற் செய்து, அதன்மேற் களிமண் பூசி, சூடேற்றி மெழுகை வடித்துவிட்டு, அவ்வெற்றிடத்தில் உருகிய உலோகத்தை வார்ப்பர். உலோகம் ஆறியபின் களிமண் அச்சை உடைத்தே உருவத்தை எடுக்கவேண்டும். ஓர் அச்சுக்கு ஓர் உருவமே. மற்றொன்று வேண்டுமாயின் மெழுகிலிருந்து மீண்டும் தொடங்குதல் வேண்டும். மணல் வார்ப்பிலோ மாதிரியுரு ஒன்றை மணற்பெட்டியிற் பதித்தெடுத்து, அதே மாதிரியைக் கொண்டு பன்னூறு உருவங்களை வார்க்கலாம். எஃகு அச்சிற் பிளாஸ்டிக்கைச் செலுத்தி வார்க்கும் ஆலைமுறையில் நிலைமை முற்றும் வேறு. அச்சுக்கு ஆகும் செலவு மிகப் பெரிது; அதன்பின் வரும் ஒவ்வோர் உருவத்துக்கும் ஆகும் செலவு மிகச் சிறிது. அச்சுச் செலவை மீட்க விரும்பும் ஆலை, மேலும் மேலும் வார்க்கும் ஆசையைத் தவிர்த்தல் அரிது. முதன்முறையில் உற்பத்தியின் எல்லையை வினைஞனது கை வகுத்தது. இறுதிமுறையில் அவ்வெல்லையை முதலாளியின் மனமே வகுக்கவேண்டியதாயிற்று.

மனத்தால் வகுக்கப்பட்ட எல்லை எவ்வளவு எளிதில் மீறப்படும் என்பதற்கு அமெரிக்க ஐக்கிய நாடுகளின் அண்மைக்கால வரலாறு சான்றாகும். அங்கு 2000ஆம் ஆண்டில் விஸ்கிட்ஸ் என்னும் நிறுவனம் 'மேஜ் நைட்' என்ற விளையாட்டை வெளியிட்டது. வண்ணந்தீட்டப்பட்ட பிளாஸ்டிக் வீரருருவங்கள் மூடிய பெட்டிகளில் விற்கப்பட்டன. பெட்டியுள் எவ்வுருவம் இருக்கும் என்பது வாங்குவோனுக்குத் தெரியாது. சில உருவங்கள் வேண்டுமென்றே அரியனவாக்கப்பட்டிருந்தன. தொடக்கத்தில் வேட்கை மிகுந்தது. புதிய தொகுதிகள் அடுத்தடுத்து வெளிவந்தன. முந்தைய தொகுதி விற்றுத் தீருமுன் அடுத்ததை வாங்கிவைக்கவேண்டிய நிலை சிறு கடைகளுக்கு நேர்ந்தது. புதியது வந்ததும் பழையதைக் கேட்பாரில்லை. ஒருகாலத்தில் அரியதென விலைபோன தொகுதி பாதி விலைக்கும் ஏலாது அலமாரியில் தேங்கிற்று. 2003இல் டொப்ஸ் நிறுவனம் விஸ்கிட்ஸை விலைக்கு வாங்கி, 2008இல் மூடிவிட்டது. பின்னர் வேறொரு நிறுவனம் அப்பெயரை வாங்கித் தொழிலை மீண்டும் நடத்தலாயிற்று. இதற்கு முன்னரே சித்திரக்கதை நூல்களும் இவ்வழியிற் சென்றிருந்தன. 1990களின் தொடக்கத்தில் 'சேர்த்துவைத்தால் விலையேறும்' என்ற நம்பிக்கையில் இலட்சக்கணக்கான பிரதிகள் அச்சிடப்பட்டன. எல்லாரிடமும் உள்ள பொருளை விலைகொடுத்து வாங்குவார் எவருமிலர் என்பது விரைவில் வெளிப்பட்டது. அவற்றை விற்ற கடைகள் ஆயிரக்கணக்கில் மூடப்பட்டன. மார்வெல் நிறுவனமே 1996இல் கடன் தீர்க்கவியலாது நீதிமன்றத்தை நாடிற்று.

இந்நிகழ்ச்சிகளில் முதலடி கடைக்காரனுக்கே விழுந்தமைக்குக் காரணம் உண்டு. அவன் வாங்கிய பொருள்கள் பெரும்பாலும் திருப்பிக் கொடுக்கவியலாதன. ஆக்குவோன் மொத்த வணிகனுக்கு விற்றவுடனே தன் பணத்தைப் பெற்றுவிடுகின்றான். மொத்த வணிகன் கடைக்கு விற்றவுடன் விடுதலை பெறுகின்றான். இறுதியில் கைம்முதலைப் பொருளாக மாற்றி வைத்துக் காத்திருப்பவன் சில்லறைக் கடைக்காரனே. எடுத்துக்காட்டாக, ஓருரு 1,000 ரூபாவாகப் பத்து உருக்களை வாங்கி ஒவ்வொன்றையும் 1,500 ரூபாவுக்கு விற்கும் கடையைக் கொள்வோம். ஏழாவது உரு விற்றபோதே போட்ட 10,000 ரூபாவும் திரும்பும். இறுதி மூன்றுமே ஊதியம். வாடகையும் மின்கட்டணமும் அதனுள் அடங்கவேண்டும். ஆறோடு விற்பனை நிற்குமாயின் கடைக்காரனுக்கு 1,000 ரூபா குறைவதுடன் நான்கு உருக்களும் தேங்கும். அவற்றைக் கழிக்கும்பொருட்டு அவன் விலையை 900 ஆக்கினால், அடுத்த கடைக்காரனும் குறைத்தே தீரவேண்டும். ஒரு கடையின் தேக்கம் இவ்வாறு தெரு முழுவதற்கும் தேக்கமாகின்றது.

கண்டியின் நினைவுப்பொருட் கடைகளுக்கு இவ்விடர் இருமடங்காகும். பொருளின் அளவு மட்டுமன்றி, வாங்குவோரின் தொகையும் அவர்களின் ஆட்சிக்குள் அடங்காதது. இலங்கைக்கு 1966இல் வந்த வெளிநாட்டுப் பயணிகள் 18,969 பேர். 1982இல் அத்தொகை 407,230 ஆயிற்று. 1983இன் வன்செயல்களுக்குப் பின் வீழ்ந்து, 1987இல் 182,620 ஆகச் சுருங்கியது. போர் முடிந்தபின் மீண்டும் பெருகி 2018இல் 2,333,796ஐ எட்டியது. 2019 ஏப்ரில் குண்டுவெடிப்புகளாலும், அடுத்த ஆண்டு பரவிய பெருந்தொற்றாலும் 2021இல் 194,495 ஆகத் தாழ்ந்தது. 2024இல் 2,053,465 ஆக மீண்டது. மூன்றாண்டுகளில் வாங்குவோர் தொகை பன்னிரண்டில் ஒன்றாகச் சுருங்குமாயின், நேற்றுவரை போதுமானதாயிருந்த கையிருப்பே இன்று மிகையாகிவிடும். மிகை என்பது ஒரு தனியளவன்று. வேண்டுவோர் தொகையோடு ஒப்பிட்டே அஃது அறியப்படும். ஆகவே நல்லாண்டின் விற்பனையைக் கண்டு வருமாண்டுக்கு வார்த்துக் குவித்தல், தொடங்கும்போதே இடரைத் தன்னுட் கொண்டதாகும்.

மிகையுற்பத்தியின் தீங்கு கடையோடு நின்றுவிடுவதுமன்று. ஒரே யானையைப் பத்துக் கடைகளிற் கண்ட பயணி, அதனை அரும்பொருளாகக் கருதான். பேரம் பேசுவதற்குரிய சரக்காகவே மதிப்பான். எல்லாக் கடைகளிலும் பொருள் ஒன்றேயாகுமிடத்துப் போட்டி பொருளின் சிறப்பில் நிகழாது. பயணியை அழைத்துவரும் வாகன ஓட்டிக்கும் வழிகாட்டிக்கும் கொடுக்கும் தரகில் நிகழும். அத்தரகு ஈற்றில் வினைஞனது கூலியிலிருந்தே குறைகின்றது. கூலி குறைந்த வினைஞன் உலோகத்தை மெல்லியதாக்குகின்றான். அராவுதலையும் கொடிவேலை செதுக்குதலையும் சுருக்குகின்றான். தரம் தாழவே மதிப்பும் தாழும். மதிப்புத் தாழவே எண்ணிக்கையைப் பெருக்கி ஈடுசெய்ய முயல்வான். இச்சுழலிற் பிறந்த வீட்டின் மைந்தன், பல்லாண்டு பயின்றாலன்றிக் கைவராத தந்தையின் தொழிலைக் கைவிட்டு வேறு வேலை தேடுதல் வியப்பன்று. விற்காத சரக்கை என்றேனும் விற்றுவிடலாம். ஒரு தலைமுறையிற் கைமாறாது போன வித்தையை மீட்டல் எளிதன்று.

மிகையுற்பத்தியின் கொடுமையை இம்மலைநாடு வேறொரு பொருளில் முன்னரே நுகர்ந்துள்ளது. 1867இல் லூல்கந்துர தோட்டத்தில் 19 ஏக்கரிற் பயிரிடப்பட்ட தேயிலை, அறுபதாண்டுகளில் மலைகளையெல்லாம் மூடியது. 1930களின் தொடக்கத்தில் உலகச் சந்தையில் தேயிலை தேங்கி விலை வீழ்ந்தபோது, தோட்டத் தொழிலாளரின் கூலி குறைக்கப்பட்டது. பலர் வேலையிழந்து இந்தியா திரும்பினர். இந்தியாவும் இலங்கையும் ஒல்லாந்தர் வசமிருந்த கிழக்கிந்தியத் தீவுகளும் 1933இல் ஓர் உடன்படிக்கை செய்து, முதலாண்டு ஏற்றுமதியை நியம அளவின் 85 வீதமாகக் கட்டுப்படுத்தின. புதிதாகப் பயிரிடுதலும் வரையறுக்கப்பட்டது. அதன்பின்னரே விலை ஓரளவு நிமிர்ந்தது. ஆக்குவோர் ஒருங்குகூடித் தம் கையைத் தாமே கட்டிக்கொள்ளல் இயலும் என்பதை அந்நிகழ்ச்சி காட்டுகின்றது; காலந்தாழ்த்திக் கட்டினால் அதன் விலையைக் கூலியாளர் முன்னரே கொடுத்துவிடுவர் என்பதையும் அதுவே காட்டுகின்றது.

சிற்றுருத் தொழிலுக்குத் தேயிலையைப் போன்ற அனைத்துலக உடன்படிக்கை பொருந்தாது. ஆயினும் அதன் கருத்துப் பொருந்தும். 1982ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் கைப்பணிக்கெனத் தேசிய அருங்கலைகள் பேரவையையும் வடிவமைப்பு நிலையத்தையும் விற்பனைச் சபையையும் அமைத்துள்ளது. இத்தகைய அமைப்புகளின் துணையுடன், செய்தோன் பெயரையும் ஊரையும் உருவில் பொறித்தல், ஒரு வடிவத்தை இத்தனையென வரையறுத்து எண்ணிடுதல், பெரிய பொருள்களைக் கட்டளை பெற்றபின்னரே செய்தல், விற்காதவற்றை மாற்றிக்கொள்ளக் கடைக்காரனுக்கு உரிமையளித்து இழப்பைப் பகிர்தல் ஆகியவற்றை நடைமுறைப்படுத்தலாம். தும்பறைப் பாய் நெசவு 2021இல் யுனெஸ்கோவின் மரபுரிமைப் பட்டியலில் இடம்பெற்றது. கையாலன்றி விரைந்து பெருக்கவியலாத அத்தொழில், எண்ணிக்கையால் அன்றி இயல்பாற் புகழ்பெற்றது என்பது நினைவிற்குரியது.

இங்கு ஒரு வேறுபாட்டை மறத்தலாகாது. மூடிய பெட்டியுள் ஓர் உருவை ஒளித்து அரியதாக்குதலும் அருமையே போலத் தோன்றும். ஆனால் அது சூதின்பாற்படும். ஆக்குவோன் விரும்பிய கணமே அவ்வருமையை நீக்கிப் பணமாக்கலாம். உழைப்பினால் அமைந்த அருமையோ அத்தகையதன்று; அதனை அவசரத்தாற் கூட்டவும் இயலாது, ஆசையாற் குலைக்கவும் இயலாது. கண்டிக் கைவினைகளை ஆராய்ந்து கலாயோகி ஆனந்த குமாரசுவாமி எழுதிய 'இடைக்காலச் சிங்களக் கலை' என்னும் பெருநூல், அவரது மேற்பார்வையில் கையச்சுப் பொறியில் 1907 முதல் 1908 வரை அச்சிடப்பட்டது. வெளிவந்தவை 425 பிரதிகளே. கைவினையின் மாண்பை உரைத்த நூல் தானும் கைவினையின் வரம்புக்குள்ளேயே நின்றது. அவ்வரம்பைக் கண்டி வினைஞரும் வணிகரும் தம் தொழிலுக்கு வேலியாகக் கொள்வாராயின், கடையும் நிலைக்கும். பட்டறையில் தீயும் அணையாது.