முதுமையும் கால் வலிமையும்

நம் ஊர்களில் முதியவர்கள் தங்கள் அந்திமக் காலத்தைப் பற்றிப் பேசக் கேட்டிருப்பவர்கள் ஒன்றைக் கவனித்திருப்பார்கள். நூறு வயது இருக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறவர்கள் சிலரே. "நடமாட்டத்தோடு இருக்கும்போதே போய்ச் சேர்ந்துவிட வேண்டும், படுக்கையில் கிடந்து யாருக்கும் பாரமாகிவிடக் கூடாது" என்பதுதான் பெரும்பாலோருடைய பிரார்த்தனை. அதை வைத்திய சாஸ்திரத்தின் கண்கொண்டு பார்த்தால், தொடையிலும் இடுப்பிலும் கெண்டைக்காலிலும் உள்ள தசைகள் கடைசி வரை திடமாக இருக்க வேண்டும் என்ற பிரார்த்தனையாகவே அது பெரும்பாலும் இருக்கிறது. இரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் மாதந்தோறும் சோதித்துக்கொள்ளும் குடும்பங்களில்கூட, வீட்டுப் பெரியவர் நாற்காலியிலிருந்து கையை ஊன்றாமல் எழுந்திருக்கிறாரா என்று பார்ப்பவர் எத்தனை பேர்?

நாடு சுதந்திரம் பெற்ற காலத்தில் இந்தியருடைய சராசரி ஆயுள் ஏறத்தாழ 32 ஆண்டுகள். இன்று அது 70 ஆண்டுகளை எட்டியிருக்கிறது. குழந்தை மரணங்கள் குறைந்ததே இதற்குப் பெருங்காரணம் என்றாலும், முதுமையைக் காணும் பாக்கியம் நம் பாட்டன்மாரைவிட நமக்கு அதிகமாகக் கிட்டியிருக்கிறது என்பதில் ஐயமில்லை. 2011-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படியே தமிழ்நாட்டில் பத்தில் ஒருவர் அறுபது வயதைக் கடந்தவர். இத்தனை பேருக்குக் கிடைத்திருக்கும் உபரி ஆண்டுகள் சுவாதீனமாக வாழும் ஆண்டுகளாக அமையுமா, பிறர் கையை எதிர்பார்க்கும் ஆண்டுகளாகக் கழியுமா என்பதே இப்போதைய கேள்வி.

இந்தக் கேள்விக்கு விடை தேடும்போது, நம்முடைய அன்பே சில சமயம் முதியவர்களுக்கு விரோதியாகிவிடுகிறது என்ற கசப்பான உண்மையைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. "நீங்கள் உட்காருங்கள், நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்" என்று தாயின் கையிலிருந்து குடத்தை வாங்கிக்கொள்ளும் மகனும், மாமியார் குனிந்து கோலம் போட வேண்டாமென்று ஒட்டுக்கோலம் வாங்கி வந்து வாசலில் ஒட்டிவிடும் மருமகளும் நல்லெண்ணத்தினாலேயே அப்படிச் செய்கிறார்கள். ஆயினும் தசை என்பது உபயோகத்தினால் வளர்ந்து, உபயோகமின்மையால் தேய்வது. நடுவயதிலேயே மெல்ல ஆரம்பிக்கும் அந்தத் தேய்வு அறுபதுக்குப் பின் விரைவுபடுகிறது. அமெரிக்காவில், தேக சுகத்தோடிருந்த முதியவர்கள் சிலரைப் பத்து நாள் படுக்கையிலேயே இருக்கச் செய்து பார்த்த ஓர் ஆராய்ச்சி 2007-இல் வெளியாயிற்று. வியாதி ஒன்றும் இல்லாத அவர்கள், அந்தப் பத்து நாளில் சராசரியாக ஏறக்குறைய ஒரு கிலோ தசையைக் கால்களிலிருந்து மட்டும் இழந்திருந்தார்கள். காய்ச்சலென்று ஒரு வாரம் படுத்தெழுந்த பெரியவர் "காலில் பலமே இல்லையப்பா" என்று சொன்னால், அவர் வார்த்தைக்கு வார்த்தை உண்மையையே சொல்கிறார்.

படுக்கையே முதியவர்களுக்குப் பகை என்பதை முதன்முதலில் உலகுக்கு எடுத்துக்காட்டியவர்களில் தலையாயவர் மார்ஜரி வாரன் என்ற ஆங்கிலப் பெண் மருத்துவர். லண்டனை அடுத்த வெஸ்ட் மிடில்செக்ஸ் மருத்துவமனையில் அவர் பணியாற்றி வந்தபோது, பக்கத்திலிருந்த ஏழையர் விடுதியின் நோயாளிகள், அதாவது தீராத நோயினர் என்று முத்திரை குத்தப்பட்டு ஆண்டுக்கணக்காகப் படுக்கையில் விடப்பட்டிருந்த 700-க்கும் மேற்பட்டவர்கள், 1935-இல் அவர் பொறுப்பில் வந்து சேர்ந்தார்கள். அவர்களை ஒருவர் பின் ஒருவராக முறைப்படி பரிசோதித்த அவ்வம்மையார், பலருடைய முடக்கத்துக்குப் படுக்கவைத்தே பராமரித்த முறையும் காரணமாய் இருப்பதைக் கண்டார். கூடத்தின் சுவர்களுக்கு வெளிச்சமான வர்ணம் பூசச் செய்து, பிடித்து நடக்கக் கைப்பிடிகள் அமைத்து, அன்றாடம் எழுப்பி உட்காரவைத்து, நிற்கவைத்து, நடக்கவைத்தார். அசையவே மாட்டார்கள் என்று கைவிடப்பட்டவர்களில் பலர் எழுந்து நடந்து, சிலர் வீட்டுக்கும் திரும்பினார்கள். முதியோர் மருத்துவம் தனித் துறையாக உருவானதற்கு அவர் 1940-களில் எழுதிய கட்டுரைகள் ஆதாரமாய் அமைந்தன.

தொண்ணூறு வயதில் உடற்பயிற்சி செய்து என்ன ஆகப் போகிறது என்று கேட்பவர்கள் உண்டு. அவர்களுக்குப் பாஸ்டன் நகரத்து முதியோர் இல்லம் ஒன்றில் நடந்து 1990-இல் வெளியான பரிசோதனையைச் சொல்ல வேண்டும். 86 வயதுக்கும் 96 வயதுக்கும் இடைப்பட்ட, மிகவும் தளர்ந்துபோன பத்துப் பேர் அதில் சேர்ந்தார்கள். வாரம் மூன்று நாள், நாற்காலியில் உட்கார்ந்தபடி பாரம் கட்டிய காலை நீட்டி மடக்கும் பயிற்சி. பாரமும் பெயருக்கு வைத்ததன்று, அவரவரால் தூக்க முடிந்ததில் ஐந்தில் நான்கு பங்கு. எட்டு வாரத்தில் அவர்களுடைய தொடை வலிமை சராசரியாக 174 சதவீதம் உயர்ந்தது. கைத்தடி இல்லாமல் நடக்க மாட்டாதிருந்த இருவர் அதைக் கீழே வைத்துவிட்டு நடந்தார்கள். பரிசோதனை முடிந்து பயிற்சியை நிறுத்தியதும் சேர்த்த வலிமை சீக்கிரமே குறையத் தொடங்கியது என்பதையும் அந்த ஆராய்ச்சியாளர்கள் மறைக்காமல் எழுதியிருக்கிறார்கள்.

இங்கே, நாள் தவறாமல் கடற்கரையிலும் பூங்காவிலும் நடந்துவரும் அன்பர்களுக்கு ஒரு வார்த்தை. நடை இருதயத்துக்கும் மனத்துக்கும் மிக நல்லது. ஆனால் அது மட்டும் போதாது. நம் தசைகளில் நெடுநேரம் மெதுவாக உழைக்கும் இழைகள் ஒருவகை, கணப்பொழுதில் வேகமாகச் சுருங்கும் இழைகள் மற்றொரு வகை. வாசற்படியில் கால் இடறும்போது மறு காலைச் சட்டென்று முன்னே வீசி உடம்பைத் தாங்கிக்கொள்ள உதவுபவை இந்த இரண்டாம் வகையே. முதுமையில் அதிகமாகச் சிறுத்துப்போவதும் இவையே. சமதரையில் நிதானமாக நடப்பதால் இவற்றுக்கு வேலை கிடைப்பதில்லை. எழுவது, ஏறுவது, பாரம் தூக்குவது போன்ற, சற்றுப் பிரயாசை வேண்டும் காரியங்களே இவற்றை எழுப்பும். அறுபத்தைந்து வயதுக்கு மேற்பட்டவர்கள் நடையோடு, வாரத்தில் மூன்று நாளேனும் தசை வலிமைக்கும் உடலின் சமநிலைக்கும் உரிய பயிற்சிகளைச் செய்ய வேண்டுமென்று உலக சுகாதார நிறுவனம் 2020-இல் வெளியிட்ட வழிகாட்டுதல் கூறுவதும் இதனாலேயே.

எங்கள் தெருவில் ஓர் அம்மாள் முழங்கால் வலியினால் ஏறக்குறைய நாற்காலியோடு ஒன்றிப்போயிருந்தார். பிசியோதெரபி செய்யும் பெண் ஒருத்தி வீட்டுக்கு வந்து, பிளாஸ்டிக் நாற்காலியை விலக்கிவிட்டு, கனமான மர நாற்காலி ஒன்றைச் சுவரோடு ஒட்டிப் போட்டாள். "பாட்டி, கையை மார்பில் கட்டிக்கொள்ளுங்கள், பாதத்தைப் பின்னுக்கு இழுங்கள், மூக்கு கால்விரலைத் தாண்டும்வரை முன்னே சாய்ந்து எழுந்திருங்கள்" என்றாள். முதல் நாள் அவரால் எழவே முடியவில்லை. ஆசனத்தின் மேல் இரண்டு தலையணை போட்டு உயரமாக்கிய பிறகு எழுந்தார். எழுந்தவர் பொத்தென்று உட்கார்ந்ததும் அந்தப் பெண், "ஏறுவதைவிட இறங்குவதுதான் பாட்டி முக்கியம், நாலு எண்ணுகிறவரை மெதுவாக உட்காருங்கள்" என்றாள். "வலிக்கிற காலுக்கு ஓய்வுதானே அம்மா கொடுக்கணும்?" என்று பாட்டி கேட்டதற்கு, தொடைத் தசை பலப்பட்டால் மூட்டின் பாரம் குறைந்து வலியும் தணியும் என்று பொறுமையாக விளக்கினாள். சில வாரங்களில் ஒரு தலையணை போயிற்று. பின்பு மற்றொன்றும் போயிற்று. கை ஊன்றாமல் ஐந்து முறை எழுந்து உட்கார 15 விநாடிக்கு மேல் ஆகுமானால் கால் வலிமை குறைந்திருக்கிறது என்பது மருத்துவர்கள் கைக்கொள்ளும் ஓர் அளவு. கடிகாரம் ஒன்றிருந்தால் எந்த வீட்டிலும் பார்த்துக்கொள்ளலாம். ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி ஒற்றைக் காலில் நிற்பதும், குதிகாலை உயர்த்தி விரல்களில் நிற்பதும் இதனோடு சேர்த்துச் செய்யத்தக்கவை.

பயிற்சி மட்டும் இருந்து ஆகாரம் இல்லாவிட்டால், செங்கல் இல்லாமல் கொத்தனாரை மாத்திரம் வரவழைத்த கதையாகிவிடும். வயதானவர்களுக்கு அரை வயிற்றுக் கஞ்சியும் ரசம் சாதமும் போதும் என்ற அபிப்பிராயம் நம்மிடையே வேரூன்றிக் கிடக்கிறது. உண்மையில் முதிய தசை புரதத்தை எளிதில் ஏற்பதில்லையாதலால், இளைஞரைவிட முதியவருக்கே அது அதிகம் தேவை. உடல் எடையில் ஒவ்வொரு கிலோவுக்கும் நாளொன்றுக்கு 1 முதல் 1.2 கிராம் வரை வேண்டும் என்பது நிபுணர் குழு ஒன்றின் சிபாரிசு. அறுபது கிலோ எடையுள்ளவருக்கு அது 60 முதல் 72 கிராம். இட்லியும் ரசமும் மட்டும் உண்பவர் அதில் பாதியை எட்டுவதும் சிரமம். சுண்டல், பயறு, கெட்டிப் பருப்பு, தயிர், முட்டை, மீன் என்று அவரவர் வழக்கப்படி ஒவ்வொரு வேளையும் ஏதேனும் ஒன்று இலையில் இருக்க வேண்டும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் மருத்துவரைக் கேட்டே இதில் இறங்க வேண்டும்.

கால் பலவீனத்தைத் தவிர, முதியவர்கள் விழுவதற்கு வேறு காரணங்களும் உண்டு: இரவில் எழுந்ததும் வரும் தலைச்சுற்றல், அதை அதிகப்படுத்தும் இரத்த அழுத்த மாத்திரைகள், தூக்க மாத்திரை, கண்புரை, ஈரமான குளியலறைத் தரை. மாத்திரைகளை எல்லாம் ஒரு பையில் போட்டு எடுத்துச் சென்று மருத்துவரிடம் காட்டுவதும், குளியலறையில் ஒரு கைப்பிடி பொருத்துவதும் சிறிய காரியங்களே.

காலின் வலிமையால் வரும் நன்மை தேகத்தோடு நின்றுவிடுவதுமில்லை. மூன்று லட்சம் பேருக்கு மேற்பட்டவர்களைப் பற்றிய 148 ஆய்வுகளைத் திரட்டி 2010-இல் வெளியிட்ட ஆராய்ச்சி ஒன்று, உறவும் நட்பும் பலமாக வாய்த்தவர்கள் உயிரோடிருக்கும் வாய்ப்பு மற்றவர்களைவிட 50 சதவீதம் அதிகம் என்று கண்டது. நம் ஊரில் அந்த நட்பு, கோயில் பிராகாரத்திலும் வாசகசாலைப் பெஞ்சியிலும் டீக்கடை வாசலிலும் வாழ்கிறது. அங்கே போக வேண்டுமானால் இரண்டு படி இறங்கித் தெருவைக் கடக்க வேண்டும். படி இறங்கப் பயந்த நாளில் சிநேகமும் சுருங்கத் தொடங்கிவிடுகிறது. கைப்பேசியில் பேரக் குழந்தையின் முகத்தைப் பார்ப்பது ஆறுதல்தான், ஆனால் ஒரு திண்ணைப் பேச்சுக்கு அது ஈடாவதில்லை.

முதியோர் மருத்துவத்தில் இந்தியாவுக்கு முன்னோடியாக நின்ற பெருமை சென்னைக்கு உண்டு. 1978-இல் டாக்டர் வி. எஸ். நடராஜனுடைய முயற்சியால் சென்னை அரசு பொது மருத்துவமனையில் முதியோருக்கெனத் தனிப் பிரிவு தொடங்கிற்று. 2024-இல் கிண்டியில் முதியோருக்காகவே 200 படுக்கைகள் கொண்ட மருத்துவமனை திறக்கப்பட்டது. சிகிச்சை முறையும் மாறியிருக்கிறது. முதியவர் விழுந்து இடுப்பெலும்பு முறிந்தால் எல்லாம் முடிந்தது என்று முன்னாளில் நினைத்திருந்தார்கள். கூடியவரை இரண்டு நாளுக்குள் அறுவைச் சிகிச்சை செய்து, அதற்கு மறுநாளே நோயாளியை எழுப்பி நிறுத்துவது இன்றைய சிகிச்சை முறை. அந்த வேளையில்தான் நம் உறவினர்கள், "பாவம், ஒரு மாதமாவது அசையாமல் படுத்திருக்கட்டுமே" என்று குறுக்கிடுகிறார்கள். வலிக்கு மாத்திரை உண்டு, தாங்கிப் பிடிக்க வாக்கர் உண்டு, அருகில் நிற்கப் பயிற்சி பெற்றவர்கள் உண்டு. எழுந்திருக்கச் சொல்லும் அந்தக் காலைப்பொழுதில் கட்டிலின் மறுபக்கம் நின்றுகொண்டு, "எழுந்திருங்கள் அப்பா, நான் இருக்கிறேன்" என்று சொல்ல வேண்டியது மட்டுமே மகனுக்கும் மகளுக்கும் உரிய வேலை.