கொல்கத்தாவில் ஜெயிச்ச பசங்க எங்கே போனாங்க? அகாடமியிலிருந்து ஃபர்ஸ்ட் டீம் வரை

(எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகச் சுருக்கித் திருத்தியிருக்கிறேன்.)

இந்த வார எபிசோடுக்குக் காரணம் ஒரு மெயில். லண்டன்ல இருந்து நம்ம நேயர் ஒரு அண்ணா எழுதியிருந்தார். அவரோட பையனுக்கு 11 வயசு. அங்க இருக்கிற ஒரு கிளப்போட அகாடமி அவனைச் சேர்த்துக்கத் தயாரா இருக்காம். "வீட்ல எல்லாரும் கேக் வெட்டிக் கொண்டாடிட்டோம் தம்பி. ராத்திரி படுத்தா தூக்கம் வரல. இது நல்ல செய்தியா, பயப்பட வேண்டிய செய்தியா?" இதுதான் கேள்வி.

ஒரு வரியில பதில் சொல்ல முடியாது. அதனால நம்ம ஊர்ல நடந்த ஒரு மேட்ச்ல இருந்து ஆரம்பிக்கிறேன்.

2017 அக்டோபர் 28. கொல்கத்தா சால்ட் லேக் ஸ்டேடியம். 17 வயசுக்கு உட்பட்டோர் உலகக் கோப்பை ஃபைனல், இங்கிலாந்துக்கும் ஸ்பெயினுக்கும். நான் அப்போ இன்ஜினியரிங் படிச்சிட்டிருந்தேன், ஹாஸ்டல்ல ஒரே லேப்டாப்பைச் சுத்தி உட்கார்ந்து பார்த்தோம். ஸ்பெயின் ரெண்டு கோல் முன்னாடி. அங்கிருந்து இங்கிலாந்து 5-2னு ஜெயிச்சது. ஃபில் ஃபோடன் ரெண்டு கோல். ரியன் ப்ரூஸ்டர், மார்கன் கிப்ஸ்-வைட், மார்க் கேஹி ஆளுக்கு ஒண்ணு. அந்த 21 பேர் அணியில கானர் கேலகர், கேலம் ஹட்சன்-ஒடோய், எமில் ஸ்மித் ரோ எல்லாம் இருந்தாங்க. ஜேடன் சாஞ்சோ லீக் சுற்று முடிஞ்சதும் டார்ட்மண்ட் கூப்பிட்டாங்கன்னு கிளம்பிட்டார்.

அவங்க வயசுல உலகத்திலேயே சிறந்த அணி அது. அப்போ எல்லாரும் தங்களோட கிளப்ல ஃபர்ஸ்ட் டீமுக்கு வந்திருக்கணும் இல்லையா? கேப்டனையே எடுத்துக்குங்க. ஜோயல் லாடிபோடியேர், மான்செஸ்டர் சிட்டி பையன். சிட்டி ஃபர்ஸ்ட் டீமுக்கு ஒரு மேட்ச்கூட ஆடாமலே வெளியே போனார். ஸ்வான்ஸீ, காவன்ட்ரின்னு போய், ஜமைக்காவுக்கு ஆடுறார். நல்ல தொழில்முறை வாழ்க்கைதான். ஆனா உலகக் கோப்பையைத் தூக்கின கேப்டனுக்கே சொந்த கிளப்ல கதவு திறக்கல. ஏன்?

முதல்ல, படிக்கட்டு எப்படி இருக்கு?

இங்கிலாந்துல இப்போ இருக்கிற அமைப்பு 2012-ல வந்தது. எலீட் பிளேயர் பெர்ஃபார்மன்ஸ் பிளான்னு பேரு. அகாடமிகளை நாலு தரமாப் பிரிச்சாங்க. கோச்சுகள், மைதானம், மருத்துவம், படிப்பு வசதி எல்லாம் பார்த்துத் தரம் கொடுப்பாங்க. ஒன்பது வயசுப் பிரிவுல இருந்து பசங்களை முறையாப் பதிவு பண்ணலாம். ஆரம்பத்துல வருஷத்துக்கு ஒரு தடவை முடிவு: இருக்கானா, போறானா. 16 வயசுல ஒரு பெரிய வடிகட்டல். அதுல தேறினா ரெண்டு வருஷ ஸ்காலர்ஷிப், கூடவே படிப்பும் உண்டு. 17 வயசுல இருந்து ப்ரொஃபஷனல் கான்ட்ராக்ட் போடலாம். அப்புறம் 21 வயசுக்கு உட்பட்டோர் அணி. அதுக்கு மேல ஃபர்ஸ்ட் டீம்.

பேப்பர்ல பார்த்தா அழகான ஏணி. ஆனா கடைசிப் படி மத்த படிகள் மாதிரி கிடையாது. 15 வயசு அணியில இருந்து 16 வயசு அணிக்குப் போகும்போது மேல இருக்கிற மொத்த அணியும் ஒரு படி நகரும், இடம் தானா காலியாகும். ஃபர்ஸ்ட் டீம்ல யாரும் நகர மாட்டாங்க. பிரீமியர் லீக்ல 25 பேர் பட்டியல். 21 வயசுக்கு உட்பட்டவங்களை அந்தப் பட்டியல்ல சேர்க்கத் தேவையில்ல, அதனால விதி இளைஞர்களைத் தடுக்கல. தடுக்கிறது வேற: உள்ள இருக்கிற ஒரு வீரர் பத்து வருஷம் ஆடலாம். ஒரு இடம் காலியானா அதுக்கு உலகம் முழுக்க இருந்து ஆள் வாங்கலாம். 18 வயசுப் பையனோட போட்டி பக்கத்துல ஓடுற பையன் இல்ல, பிரேசில்ல இருந்து வரப்போற 24 வயசுக்காரர்.

இன்னொண்ணு, கோச்சோட நிலைமை. மூணு மேட்ச் தோத்தா வேலை போயிடும்ங்கிற நிலையில இருக்கிறவர், ரெண்டு வருஷம் கழிச்சு நல்லா வரக்கூடிய பையனை இன்னைக்கு ஏன் இறக்கணும்? அந்தப் பையன் நல்லா வரும்போது பலன் அடுத்த கோச்சுக்குத்தான் போகும்.

ஒரே அணி, அஞ்சு பாதை

கொல்கத்தா பசங்க இந்தக் கடைசிப் படியை எப்படித் தாண்டினாங்கன்னு பார்த்தா பாதைகள் தெளிவாத் தெரியும்.

ஃபோடன் காத்திருந்தார். ஃபைனல் முடிஞ்சு ஒரு மாசத்துக்குள்ள சிட்டிக்காகச் சாம்பியன்ஸ் லீக்ல இறங்கினார். ஆனா தொடர்ந்து இடம் கிடைக்கப் பல வருஷம் ஆச்சு. லோன்ல அனுப்பாம கார்டியோலா கூடவே வெச்சுக்கிட்டார். 2020-ல டேவிட் சில்வா போனப்புறம்தான் இடம் விரிஞ்சது. 2023-24 சீசன்ல இங்கிலாந்தின் சிறந்த வீரர் விருது அவருக்கு.

சாஞ்சோ காத்திருக்கல. அதே சிட்டியில இருந்தவர், 17 வயசுல ஜெர்மனிக்குக் கிளம்பிட்டார். ஆட வாய்ப்பு அங்க இருந்துச்சு.

கேலகர் லோன் பாதை. செல்சீ அவரை சார்ல்டன், ஸ்வான்ஸீ, வெஸ்ட் ப்ராம், கிரிஸ்டல் பேலஸ்னு நாலு கிளப்புக்கு அனுப்பினாங்க. லோனோட அர்த்தம் இதுதான்: 21 வயசுக்கு உட்பட்டோர் ஆட்டத்துல தோத்தா யாருக்கும் ஒண்ணும் ஆகாது. சார்ல்டன்ல தோத்தா அணி கீழ் லீக்குக்கு இறங்கும், கூட ஆடுறவரோட சம்பளமும் வீட்டுக் கடனும் பாதிக்கும். அந்த அழுத்தத்தை எந்த அகாடமியும் சொல்லிக் கொடுக்க முடியாது.

கேஹி விற்கப்பட்டவர். 2021-ல செல்சீ அவரை பேலஸுக்கு வித்தாங்க.

அஞ்சாவது ப்ரூஸ்டர். அந்த உலகக் கோப்பையில எட்டு கோல் அடிச்சுத் தங்கக் காலணி வாங்கினவர். லிவர்பூலுக்காக பிரீமியர் லீக்ல ஒரு மேட்ச்கூட ஆடல. 2020-ல பெரிய தொகைக்கு ஷெஃபீல்ட் யுனைடெட் வாங்கினாங்க. முதல் சீசன்ல ஒரு கோலும் விழல, அணி கீழே இறங்கிடுச்சு, அப்புறம் காயங்கள். திறமை குறைஞ்சதுன்னு நான் சொல்ல மாட்டேன். நேரமும் உடம்பும் ஒத்துழைக்கல.

கதவை வெளியிலிருந்து பூட்டினப்போ

"பசங்க நல்லா இல்ல, அதான் ஆட விடல"ன்னு சிலர் சொல்வாங்க. அது உண்மையான்னு பார்க்க ஒரு இயற்கையான சோதனையே நடந்திருக்கு.

செல்சீ இளைஞர் அணி 2014-ல இருந்து 2018 வரை தொடர்ந்து அஞ்சு வருஷம் எஃப்.ஏ. யூத் கப் ஜெயிச்சது. அப்படியும் ஜான் டெர்ரிக்கு அப்புறம் அகாடமியிலிருந்து வந்து நிலைச்சு நின்னவங்கன்னு சொல்ல ஆள் ரொம்பக் கம்மி. 2019-ல, வயசு குறைஞ்ச வெளிநாட்டு வீரர்களைச் சேர்த்ததுல விதிமீறல்னு ஃபிஃபா தடை போட்டது. அந்தக் கோடையில புது வீரர்களைப் பதிவு பண்ண முடியாது. வேற வழியில்ல, கோச்சா வந்த ஃபிராங்க் லாம்பார்ட் மேசன் மவுண்ட், டாமி ஏப்ரஹாம், ஃபிகாயோ டொமோரி, ரீஸ் ஜேம்ஸ்னு சொந்தப் பசங்களை இறக்கினார். அணி நாலாவதா முடிச்சு சாம்பியன்ஸ் லீக் போச்சு. 2021-ல சாம்பியன்ஸ் லீக் ஃபைனல்ல ஜெயிச்ச அணியில மவுண்ட்டும் ஜேம்ஸும் முதல் 11-ல இருந்தாங்க. ஒரே கோலுக்குப் பந்தைக் கொடுத்தது மவுண்ட்.

பசங்க தயாராத்தான் இருந்தாங்க. கடைக்குப் போகிற வழியை அடைச்சப்புறம்தான் வீட்ல இருக்கிறது கண்ணுக்குத் தெரிஞ்சது.

அப்புறம் ஏன் வித்தாங்க?

இங்கதான் கணக்கு வருது. ஒரு வீரரை 50 மில்லியன் பவுண்டுக்கு, அஞ்சு வருஷ கான்ட்ராக்ட்ல வாங்கினா, கணக்குப் புத்தகத்துல அந்தச் செலவை வருஷத்துக்கு 10 மில்லியன்னு பிரிச்சு எழுதுவாங்க. ரெண்டு வருஷம் கழிச்சு அவரோட புத்தக மதிப்பு 30. அப்போ 35-க்கு வித்தா லாபம் 5 மட்டும். அகாடமிப் பையனுக்கு டிரான்ஸ்ஃபர் தொகையே கிடையாது, அதனால புத்தக மதிப்பு பூஜ்ஜியம். அவனை 35-க்கு வித்தா முழு 35-ம் லாபம்.

மூணு வருஷத்துல இவ்வளவுக்கு மேல நஷ்டம் காட்டக் கூடாதுன்னு பிரீமியர் லீக் விதி இருந்த காலத்துல இதுக்கு என்ன அர்த்தம்னு யோசிங்க. அகாடமிக்குப் பண்ற செலவையும் அந்த நஷ்டக் கணக்குல சேர்க்க மாட்டாங்க. ஆக, நஷ்டத்தைச் சமாளிக்க விற்கச் சுலபமான ஆள் சொந்தப் பையன்தான். மவுண்ட் 2023-ல மான்செஸ்டர் யுனைடெட் போனார். 2023-24-ல பல மேட்ச்ல செல்சீ கேப்டனா இருந்த கேலகர், 2024 ஆகஸ்ட்ல அட்லெட்டிகோ மாட்ரிட் போனார். இதுல மத்த காரணங்களும் உண்டு, கான்ட்ராக்ட் முடியப் போறது மாதிரி. ஆனா கணக்கு எந்தப் பக்கம் தள்ளுதுன்னு புரியுது இல்லையா?

அகாடமின்னா ஃபர்ஸ்ட் டீமுக்கு ஆள் தயார் பண்ற இடம்னு நாம நினைக்கிறோம். கிளப்போட கணக்குல அது விற்பனைக்கும் ஆள் தயார் பண்ற இடம். ரெண்டும் ஒரே கட்டடம்.

வெளியே அனுப்பினா முடிஞ்சுதா?

இல்ல. எபெரெச்சி எஸேயை 13 வயசுல ஆர்செனல் விடுவிச்சது. அப்புறம் இன்னும் சில அகாடமிகளும் வேண்டாம்னு சொல்லி, கியூ.பி.ஆர். எடுத்துக்கிட்டு, பேலஸ் வந்தார். 2025 மே மாசம் எஃப்.ஏ. கப் ஃபைனல்ல சிட்டிக்கு எதிரா ஒரே கோல் அவருடையது. பேலஸோட முதல் பெரிய கோப்பை அது. அன்னைக்குக் கோப்பையைத் தூக்கின கேப்டன் யாரு? செல்சீ வித்த அதே மார்க் கேஹி. மூணு மாசத்துல எஸேயை ஆர்செனலே பெரிய தொகை கொடுத்துத் திரும்ப வாங்கினாங்க.

ஹேரி கேனையும் சின்ன வயசுல ஆர்செனல் அனுப்பிச்சது. அவர் பிறந்தது ஜூலை 28. இங்கிலாந்துல வயசுப் பிரிவு செப்டம்பர் 1-ல ஆரம்பிக்குது. அதாவது தன் பிரிவுல கிட்டத்தட்ட எல்லாரையும்விடச் சின்னப் பையன். எட்டு வயசுல பத்து மாச வித்தியாசம்ங்கிறது பெரிய விஷயம். அகாடமிகள்ல செப்டம்பர், அக்டோபர், நவம்பர்ல பிறந்தவங்க அதிகமா இருக்கிறது ரொம்ப நாளாத் தெரிஞ்ச உண்மை. இப்போ சில இடங்கள்ல பிறந்த தேதிக்குப் பதிலா உடல் வளர்ச்சியை வெச்சுப் பிரிச்சு ஆட வெச்சுப் பார்க்கிறாங்க.

ஆனா கேன், எஸே கதைகளை மட்டும் சொல்லி முடிச்சா அது ஏமாத்து வேலை. நமக்குத் தெரியுற பேர்கள் தப்பிச்சவங்களோட பேர்கள். 18 வயசுல ஒரு ஃபோன்காலோட முடிஞ்சு போனவங்க பேர் நமக்குத் தெரியாது. ஒன்பது வயசுல இருந்து "நீ ஃபுட்பாலர்"னு ஊரே சொன்ன பையன்கிட்ட ஒரு நாள் "நீ இல்ல"ன்னு சொன்னா, அவன் யாரு? அப்படி வெளியே வந்த ஒரு 18 வயசுப் பையன் 2020-ல தன் உயிரையே மாய்ச்சுக்கிட்டான். அதுக்கப்புறம்தான் இந்தப் பேச்சு அங்க தீவிரமாச்சு. பேலஸ் மாதிரி கிளப்கள் விடுவிக்கிற பசங்களோட மூணு வருஷம் தொடர்பில் இருக்கிற திட்டம் கொண்டு வந்தாங்க.

அண்ணாவுக்கு

சரி அண்ணா, உங்க கேள்விக்கு வரேன். நல்ல செய்திதான். சேருங்க. நல்ல கோச்சிங், நல்ல மைதானம், ஒழுக்கம், நண்பர்கள், இதெல்லாம் அவனுக்கு நிஜமாவே கிடைக்கும். ஈழத்துப் பெற்றோருக்கு வேல்ஸ்ல பிறந்த விமல் யோகநாதன், சின்ன வயசுல லிவர்பூல் அகாடமியில இருந்தவர், பார்ன்ஸ்லி ஃபர்ஸ்ட் டீமுக்கு ஆடினதை 2024-ல பார்த்தோம். நம்ம பேர் ஜெர்ஸியில வராதுன்னு யாரும் சொல்ல முடியாது.

ஆனா கையெழுத்துக்கு முன்னாடி கிளப்பைக் கேளுங்க. கடந்த அஞ்சு வருஷத்துல உங்க அகாடமியிலிருந்து எத்தனை பேர் ஃபர்ஸ்ட் டீமுக்கு ஆடினாங்க? 16 வயசுல விடுவிச்சவங்க இப்போ எங்க இருக்காங்க? படிப்பை யார் கவனிக்கிறாங்க? வெளியே அனுப்பினா அந்தச் செய்தியை யார், எப்படிச் சொல்வாங்க? பதில் சொல்லத் தயங்கினா அதுவே ஒரு பதில்.

ஒரு வருஷத்துக்குச் சேர்றான்னு நினைங்க, வாழ்க்கை முழுக்கன்னு நினைக்காதீங்க. ஸ்கூல் நண்பர்களை விட்டுடாம பார்த்துக்குங்க. சொந்தக்காரங்க வீட்டுக்கு வந்தா "இவன்தான் எங்க ஃபுட்பாலர்"னு அறிமுகப்படுத்தாதீங்க, பேரைச் சொல்லுங்க. எப்பவாவது ஒரு நாள் அந்த ஃபோன் வந்தா, அவன்கிட்ட அந்தப் பேர் மிச்சம் இருக்கணும்.

கேக் வெட்டினது சரிதான் அண்ணா. அவன் முதல் மேட்ச் எப்படிப் போச்சுன்னு மெயில் போடுங்க, தோத்தாலும். அடுத்த வாரம் பார்ப்போம் மக்களே.