நெல்லும் உரமும் சுமக்கும் கூட்ஸ் வண்டி

அறுவடை முடிந்து கொள்முதல் நிலையத்திற்குச் சென்றால், "கூட்ஸ் வரவில்லை, மூட்டை நகரவில்லை, இடமில்லை" என்கிறார்கள். மேலுரம் இடும் பருவத்தில் கூட்டுறவு சங்கத்திற்குச் சென்றால், "ரேக் வந்தால்தான் யூரியா" என்கிறார்கள். இரண்டிற்கும் காரணம் ஒன்றே. சரக்கு ரயில் எவ்வாறு இயங்குகிறது என்பதைத் தெரிந்துகொண்டால், நெல்லைக் காப்பதற்கும் உரத்தை வாங்குவதற்கும் நாம் முன்கூட்டியே திட்டமிடலாம். காவிரி டெல்டாப் பகுதியை எடுத்துக்காட்டாகக் கொண்டு இதனைப் பார்ப்போம்.

ரேக் என்றால் என்ன?

ஒரே சரக்கை ஏற்றி, ஓரிடத்திலிருந்து மற்றோர் இடத்திற்கு மொத்தமாகச் செல்லும் வேகன்களின் தொகுப்பையே ரேக் என்கிறோம். முற்காலத்தில் வியாபாரிகள் ஒன்றிரண்டு வேகன்களைத் தனியே பதிவு செய்து சரக்கு அனுப்பினர். அவ்வேகன்களை வழியில் கழற்றி, வேறு வண்டியில் கோத்து அனுப்புவதில் பல நாட்கள் வீணாயின. மீட்டர் கேஜ் பாதை அகலப் பாதையைச் சந்திக்கும் இடங்களில் மூட்டைகளை இறக்கி மறுபடியும் ஏற்ற வேண்டியிருந்தது. இன்று பாதைகள் அகலமாகிவிட்டன. வண்டியும் முழு ரேக்காகவே ஓடுகிறது.

தஞ்சாவூர், நீடாமங்கலம், மன்னார்குடி போன்ற நிலையங்களிலிருந்து நெல் பெரும்பாலும் 42 வேகன்களில் அரவைக்காக வெளிமாவட்டங்களுக்குச் செல்கிறது. ஒரு தடவைக்கு ஏறத்தாழ 2,000 டன் ஏற்றப்படுகிறது. 40 கிலோ மூட்டையாகக் கணக்கிட்டால் இது 50,000 மூட்டை. ஏக்கருக்கு 2 டன் விளைந்ததாகக் கொண்டால், 1,000 ஏக்கர் நெல் ஒரே வண்டியில் போகிறது. லாரிக்கு 10 டன் வீதம் ஏற்றினால் 200 நடை லாரி ஸ்டேஷனுக்கு வர வேண்டும்.

வண்டியில் ஏற்றும் முறை

நுகர்பொருள் வாணிபக் கழகம் முதலில் ரயில்வேயிடம் ரேக் கேட்டுப் பதிவு செய்கிறது. எங்கே காலி ரேக் இருக்கிறது என்று பார்த்துக் கட்டுப்பாட்டு அலுவலகம் ஒதுக்குகிறது. இதே மூடு வேகன்கள்தாம் சிமெண்டும் உரமும் சுமக்கின்றன. ஆகவே நெல் ஏற்றுமுன் வேகனைப் பெருக்கி, கூரையில் ஓட்டை உண்டா, கதவு சரியாக மூடுகிறதா என்று பார்ப்பது அவசியம்.

காலி ரேக் கூட்ஸ் ஷெட்டுக்கு வந்து நின்றதும் ஏற்றுவதற்குச் சில மணி நேரமே அனுமதி உண்டு. அதற்கு மேல் நின்றால் வேகனுக்கு இவ்வளவு, மணிக்கு இவ்வளவு என்று டெமரேஜ் கட்ட வேண்டும். ஆதலால் அன்று லாரிகளும் சுமைதூக்கும் தொழிலாளர்களும் ஒரே இடத்தில் குவிகின்றனர். கொள்முதல் நிலையங்களில் ஒரு நாள் மூட்டைகள் மளமளவென்று காலியாவதும், பிறகு பல நாட்கள் அசையாமல் கிடப்பதும் இதனால்தான்.

ஒற்றைப் பாதையின் சிரமம்

தஞ்சாவூரிலிருந்து நீடாமங்கலம் வழியாகத் திருவாரூர் செல்வது ஒற்றைப் பாதை. பொதுவாக இரண்டு நிலையங்களுக்கு இடையே ஒரு நேரத்தில் ஒரு வண்டியை மட்டுமே விடுவார்கள். எதிரே பயணிகள் வண்டி வந்தால், சரக்கு வண்டி லூப் லைனில் ஒதுங்கிக் காத்திருக்கும். ரேக் முழுவதும் நிற்க இடமில்லாத நிலையத்தில் வேகன்களை இரண்டாகப் பிரித்து நிறுத்த வேண்டும். எஞ்சினை மறுமுனைக்கு மாற்ற வேண்டும். ஊர் நடுவே ரயில்வே கேட் நெடுநேரம் மூடிக் கிடப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

உரம் வரும் வழி

தூத்துக்குடியிலும் மணலியிலும் உற்பத்தியாகும் யூரியாவும், துறைமுகங்களில் இறங்கும் உரமும் ரேக்காகவே வருகின்றன. ரேக் வந்த பின் லாரிகள் மூலம் கூட்டுறவு சங்கங்களுக்கும் கடைகளுக்கும் பிரித்து அனுப்பப்படுகிறது. எனவே உரம் நாள்தோறும் சிறுகச் சிறுக வருவதில்லை. ஒரே சமயம் மொத்தமாக வருகிறது. அடுத்த ரேக் வரும் வரை தட்டுப்பாடு போலத் தோன்றுகிறது.

உழவர்கள் செய்ய வேண்டியவை

1. எடை போட்டு ரசீது வாங்கும் வரை நெல் குவியல் உங்களுடையது. மழையில் நனைந்து முளைத்தால் நட்டமும் உங்களுக்கே. நிலையத்தில் எவ்வளவு மூட்டை தேங்கியுள்ளது, அடுத்த இயக்கம் எப்போது என்று பட்டியல் எழுத்தரிடம் விசாரித்த பிறகு நெல்லைக் கொண்டு செல்லுங்கள். முடிந்தால் அறுவடை எந்திரத்தை அமர்த்தும் முன்பே விசாரியுங்கள்.

2. குறுவை அறுவடை வடகிழக்குப் பருவமழையை ஒட்டி வருகிறது. நெல்லை மெல்லியதாகப் பரப்பி, அவ்வப்போது கிளறி, 17 சதவீத ஈரப்பதத்திற்குள் உலர்த்துங்கள். ஈர நெல் மூட்டையிலும் மூடு வேகனிலும் சூடேறி, மஞ்சளாகி, நாற்றமடிக்கும்.

3. குவியலை மேட்டுப் பகுதியில் வையுங்கள். சுற்றிலும் சிறு வாய்க்கால் எடுத்து, தார்ப்பாய் ஆயத்தமாக வைத்திருங்கள்.

4. மணிச்சத்து முழுவதும் அடியுரமாக இடப்படுவதால் அதனை நடவுக்கு முன்பே வாங்கி வைக்கலாம். யூரியாவை அடுத்த ஒரு தவணைக்கு மட்டும் முன்னதாக வாங்கினால் போதும். மூட்டையைத் தரையிலும் சுவரிலும் படாமல் பலகை மேல் அடுக்கி, வாயைக் கட்டி வையுங்கள். யூரியா காற்றின் ஈரத்தை இழுத்துக் கட்டியாகிவிடும்.

5. ரேக் வந்துவிட்டது என்பதற்காக யூரியாவை அதிகமாக இட வேண்டாம். தழைச்சத்தை அடியுரம், தூர் கட்டும் பருவம், கதிர் உருவாகும் பருவம், கதிர் வெளிவரும் பருவம் என நான்காகப் பிரித்து இடுவதே சிறந்தது. இலை வண்ண அட்டையை வைத்துப் பார்ப்போர், நிறம் வெள்ளைப் பொன்னிக்கு 3, மற்ற இரகங்களுக்கு 4 என்ற எண்ணுக்குக் கீழே குறைந்தால் மட்டும் மேலுரம் இடலாம்.

கூட்ஸ் வண்டி வரும் நாளை நாம் மாற்ற முடியாது. அது ஏன் தாமதிக்கிறது என்பதை அறிந்து, அந்தத் தாமதத்திலும் கெடாதபடி நெல்லை உலர்த்தி வைப்பதும், அந்தத் தாமதத்திற்கு முன்பே உரத்தை வாங்கி வைப்பதும் நம் கையில்தான் இருக்கின்றன. உழவர்கள் இம்முறைகளைக் கடைப்பிடித்து நட்டத்தைத் தவிர்க்கலாம்.