அன்னக்கிளிக்குப் பின்னால் இருந்த காது

மேலைநாட்டு இசை உலகில் ‘ரெக்கார்ட் புரொட்யூசர்’ என்று ஒரு வேலை உண்டு. யாரை நம்புவது, எந்தப் பாட்டைப் பதிவுசெய்வது, அது எப்படி ஒலிக்க வேண்டும் என்று முடிவெடுக்கிறவர் அவர். வேறு கம்பெனி வேண்டாமென்று திருப்பி அனுப்பிய பீட்டில்ஸ் குழுவை 1962இல் எடுத்துக்கொண்ட ஜார்ஜ் மார்ட்டின் அப்படிப்பட்டவர். தமிழில் பாட்டு பெரும்பாலும் சினிமா வழியாகவே வந்ததால், அந்த வேலைக்கு இங்கே தனிப்பெயர் அமையவில்லை. பணம் போட்டவரைத் தயாரிப்பாளர் என்றோம், மெட்டுப் போட்டவரை இசையமைப்பாளர் என்றோம், நடுவில் இருந்த தீர்ப்பை யார் கணக்கிலும் எழுதவில்லை. சிறுகூடல்பட்டியில் 1941இல் பிறந்த பஞ்சு அருணாசலம் அந்தத் தீர்ப்பைச் சொன்னவர். அவரால் அதைச் சொல்ல முடிந்ததற்குக் காரணம், அவர் பாட்டெழுதுகிறவர் என்பதுதான்.

அவர் பிறந்த செட்டிநாட்டுக்கு இப்படிப்பட்ட தீர்ப்பு புதிதல்ல. காரைக்குடி ஏ.வி. மெய்யப்பன் படம் எடுப்பதற்கு முன்பே இசைத்தட்டு வியாபாரி. 1930களின் தொடக்கத்தில் சரஸ்வதி ஸ்டோர்ஸ் வழியாக இசைத்தட்டுகளை வெளியிட்டவர். உலகப்போர் முடிந்த காலத்தில் காரைக்குடியிலேயே ஸ்டூடியோ போட்டு எடுத்த ‘நாம் இருவர்’ 1947இல் வந்தது. அதில் பாரதியார் பாடல்களை டி.கே. பட்டம்மாளைப் பாட வைத்துச் சினிமாக் கொட்டகைக்குக் கொண்டுபோனார். அதைப் பணக்காரரின் முடிவு என்று மட்டும் சொல்லிவிட முடியாது. எந்தக் குரலில் எந்தப் பாட்டு மக்களிடம் போகும் என்று தெரிந்த காது அது.

பஞ்சு அருணாசலத்தின் காது பழகிய இடம் வேறு. அவருடைய சித்தப்பா கவிஞர் கண்ணதாசன். அவரிடம் உதவியாளராக இருந்து, வரிகள் பிறக்கும்போதே எழுதி எடுத்தவர். 1965இல் ‘கலங்கரை விளக்கம்’ படத்துக்கு அவர் எழுதிய பாட்டு ஒன்றைக் கண்ணதாசன் பாட்டு என்றே இன்னும் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். பத்து வருஷம் கழித்து ஜி.கே. வெங்கடேஷிடம் உதவியாளராக இருந்த ராசையா என்ற இளைஞரின் மெட்டுகளைக் கேட்டபோது அவர் என்ன செய்தார் என்று பாருங்கள். ஒரு பாட்டுக்கு வாய்ப்பளித்துச் சோதித்துப் பார்க்கவில்லை. முழுப் படத்தையும் கொடுத்தார். ஏ.எம். ராஜா என்ற பெயர் ஏற்கெனவே இருந்ததால் ‘இளையராஜா’ என்று பெயரும் வைத்தார். 1976இல் வந்த ‘அன்னக்கிளி’க்குக் கதை ஆர். செல்வராஜுடையது; திரைக்கதை, வசனம், பாடல்கள் பஞ்சுவுடையவை, தயாரிப்பும் வீட்டு நிறுவனம். கிராமத்துப் பெண்ணின் மனசு பாட்டாக வரும்படி கதையை அமைத்து, அந்த இடத்துக்கு எஸ். ஜானகியின் குரலும், புதியவரின் மெட்டும், தன் வரியும் ஒன்றாகச் சேர இடம் செய்தார். ஒரே ஆள் கையில் இத்தனையும் இருந்ததால்தான், புதுப்பையனை மாற்றுங்கள் என்று யார் சொன்னாலும் அந்த முடிவு நிற்க முடிந்தது.

இளையராஜா எப்படியும் வந்திருப்பார், அவ்வளவு திறமையை யார் மறைத்து வைக்க முடியும் என்று கேட்பார்கள். வந்திருக்கலாம். ஆனால் எப்போது, எந்தப் படத்தில், எத்தனை சமரசத்தோடு? முதல் படம் ஓடாமல் போன இசையமைப்பாளருக்கு இரண்டாவது படம் கிடைப்பது சினிமாவில் எளிதல்ல. திறமை அவருடையது, அதில் பங்கு கேட்கவில்லை. அந்தத் திறமைக்கு ஏற்ற முதல் களத்தைத் தேர்ந்தெடுத்தது பஞ்சு. அதோடு நிற்கவுமில்லை. ‘கவிக்குயில்’, ‘பிரியா’ என்று அடுத்தடுத்து எழுதினார். 1978இல் வந்த ‘பிரியா’வின் பாடல்கள் தமிழ்த் திரையில் முதன்முதலாக ஸ்டீரியோவில் பதிவானவற்றில் சேரும்.

இன்னொரு கேள்வி கனமானது. பாட்டெழுதுகிறவர் நல்ல தயாரிப்பாளர் ஆவார் என்றால் கண்ணதாசன் ஏன் கடனில் தவித்தார்? அவர் தயாரித்த ‘மாலையிட்ட மங்கை’ கைகொடுத்தது. மருது சகோதரர்களின் கதையை ‘சிவகங்கைச் சீமை’ என்று 1959இல் எடுத்தபோது, அதே ஆண்டு ‘வீரபாண்டிய கட்டபொம்மன்’ வந்து அதை நிழலில் தள்ளியது. பணக் கணக்கில் அது தோல்விதான். ஆனால் அந்தப் படத்தின் பாட்டுகளை எடுத்துக் கேளுங்கள். விஸ்வநாதன்-ராமமூர்த்தியின் இசையில் ஒன்றும் குறைந்துபோகவில்லை. கண்ணதாசனுக்குத் தவறியது வெளியீட்டு நேரமும் வரவு செலவும், காது தவறவில்லை. பஞ்சு கவிஞரிடமிருந்து காதை எடுத்துக்கொண்டார், கணக்கைத் தனியாகக் கற்றுக்கொண்டார். பின்னாளில் ‘கல்யாணராமன்’, ‘ஆறிலிருந்து அறுபது வரை’, ‘மைக்கேல் மதன காமராஜன்’ என்று அவருடைய பி.ஏ. ஆர்ட் புரொடக்சன்ஸ் நின்று ஆடியது அதனால்தான்.

பஞ்சுவின் வரிகள் எளிமையானவை, கண்ணதாசனின் ஆழம் இல்லை என்பதும் அடிக்கடி காதில் விழும் குறை. ஆழமாக எழுத வராதவர் அல்ல, 1965 பாட்டே அதற்குச் சாட்சி. இளையராஜாவின் மெட்டு ஏற்கெனவே நிறையச் சொல்லிவிடுகிறது. அதன்மேல் கனமான வரியை ஏற்றினால் மெட்டு மூச்சு முட்டும். அதனால் பாடகி இழுத்துப் பாட வசதியான ஓசைகளையும், வயல்வெளியில் புழங்கும் சொற்களையும் தேர்ந்தெடுத்தார். தன் கவிதை தெரிய வேண்டும் என்ற ஆசையை ஒதுக்கிவைத்துப் பாட்டு முழுசாக ஒலிக்க வேண்டும் என்று யோசிப்பது ரெக்கார்ட் புரொட்யூசரின் புத்தி. 2016இல் அவர் மறைந்தபோது திரைக்கதாசிரியர், தயாரிப்பாளர், பாடலாசிரியர் என்று மூன்றாகப் பிரித்து எழுதினார்கள். மூன்றும் ஒரே வேலை என்று எடுத்துக்கொண்டால்தான் 1976க்குப் பிறகு தமிழ்ப் பாட்டு ஏன் அப்படி மாறியது என்பது புரியும்.